அய்யா தலையில பழைய தழும்புல ஆறாத புண்ணு, சதை டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, எடுக்கலாமா?

கரிசல்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கய்யாவுக்கு 66 வயசு, கோவில்பட்டி பக்கம் மானாவாரி வெவசாயம், இன்னமும் காட்டுக்குப் போயிட்டு வர்ற ஆளு. சின்னப்புள்ளையில அடுப்புல இருந்த வெந்நிப்பானை கவுந்து உச்சந்தலையில கொட்டிருச்சாம், உள்ளங்கை அகலத்துக்கு தழும்பு, அதுல முடியே முளைக்கல, எப்பவும் தலையில துண்டுதான். போன கோடையில அந்த தழும்புக்கு நடுவுல ஒரு வெடிப்பு மாதிரி வந்துச்சு, சொறிஞ்சாரு, பொருக்கு தட்டுச்சு, பொருக்கு விழுந்தா ரத்தம், மறுபடி பொருக்கு, இப்படியே போயிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஒரு கிளினிக்ல ஆயின்மென்ட்டும் ஊசியும் மாத்தி மாத்தி குடுத்தாங்க. இப்ப ஓரமெல்லாம் கல்லாட்டம் தடிச்சு நடுவுல காலிஃபிளவர் கணக்கா பூத்து நிக்குது, நாத்தம் வேற, துண்ட அவுத்தா ஈ வருது. தோல் டாக்டர் பாத்த உடனே சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும், கேன்சரா இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. அய்யா கத்தி பட்டா பரவிரும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. பீடி கெடையாது, வெத்தல கெடையாது. தோல் கேன்சர் வெள்ளக்காரங்களுக்குத்தானே வரும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூலிகைநேசன்:
தம்பி அவசரப்பட்டு கத்தி வைக்க விட்றாதீங்க. எங்க பக்கம் ஒரு வைத்தியர் இருக்காரு, கார மருந்து மேல போடுவாரு, ஒரு வாரத்துல கட்டி கருகி வேரோட கழண்டு விழுந்துரும். பாத்தவங்க சொன்னது. தனி மெசேஜ் போடுங்க நம்பர் தரேன்.

தையல்காரன்:
நான் சர்ஜன், தலை கழுத்து கேன்சர் ஆபரேஷன்தான் பொழப்பு. முதல்ல மூலிகைநேசன் அண்ணனுக்கு. அந்த கார மருந்து என்ன பண்ணும்னா மேல தெரியிற சதைய சுட்டு கருக்கும், நல்ல தோல் கெட்ட தோல்னு வித்தியாசம் பாக்காது. மேல கருகி விழுந்து தோல் மூடிக்கிடும், எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க, அடியில மிச்சம் இருக்கிறது மண்டையோட்டப் பாத்து எறங்கிட்டு இருக்கும். அப்படி வந்தவங்கள நான் டேபிள்ல பாத்திருக்கேன். தயவுசெஞ்சு இந்த இழையில நம்பர் குடுக்க வேண்டாம்.

கரிசல், பேஷன்ட்ட பாக்காம நான் இதுதான்னு சொல்ல முடியாது. ஆனா நீங்க எழுதினத படிச்சா எந்த சர்ஜனுக்கும் முதல்ல மனசுல வர்றது மார்ஜோலின் அல்சர்தான். பழைய தீத்தழும்பு, ஆறாத புண்ணு, நாள்பட்ட சீழ்ப்புண்ணு, இதுல வர்ற கேன்சருக்கு அந்தப் பேரு. 1828ல இந்த மாதிரி தழும்புப் புண்ண பத்தி எழுதின ஃப்ரெஞ்சு சர்ஜன் பேர வச்சிருக்காங்க. முக்காவாசி ஸ்குவாமஸ் செல் கார்சினோமாதான், தட்டை செல்லுல பொறக்குற கேன்சர், சுருக்கமா எஸ்சிசி. தீக்காயம் பட்டு முப்பது வருஷம், அதுக்கு மேலயும் கழிச்சு வரும், அதனாலதான் வீட்ல யாருக்கும் ரெண்டையும் சேத்துப் பாக்கத் தோணாது.

வெள்ளக்காரங்களுக்குத்தான்னு சொல்றது பாதி சரி. அவங்களுக்கு வெயில்ல வருது. நம்ம நிறத்துக்கு மெலனின்ங்கிற தோல் நிறமி ஓரளவு காப்பாத்துது, அதனால எண்ணிக்கை கம்மி. ஆனா தழும்ப மெலனின் காப்பாத்தாது. கருப்புத் தோல்ல வர்ற எஸ்சிசியில பெரும் பங்கு வெயில் படாத எடத்துலயும் பழைய தழும்புலயும்தான். அதுவும் தழும்புல வர்றது சாதாரண வெயில் எஸ்சிசிய விட மூர்க்கம். வெயில்ல வர்றதுல நெறிக்கு, அதாவது லிம்ஃப் நோடுக்கு, பரவுறது நூத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு பேருக்குன்னு சொல்லுவோம், தழும்புல வந்தா அது பல மடங்கு.

சதை டெஸ்ட் எடுத்தா பரவாது. எடுக்காம விட்டா பரவும். இன்னொண்ணு, எடுக்கிறவங்க புண்ணுக்கு நடுவுல மட்டும் கிள்ளி எடுத்தா வெறும் செத்த சதைன்னு ரிப்போர்ட் வரலாம். தடிச்ச ஓரத்துல, ரெண்டு மூணு எடத்துல, ஆழமா எடுக்கணும். மொத ரிப்போர்ட்ல கேன்சர் இல்லன்னு வந்து புண்ணும் ஆறலன்னா மறுபடி எடுக்கச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க.

மூலிகைநேசன்:
டாக்டர் கோவப்படாதீங்க. அமெரிக்காவுலயே மோஸ்னு ஒரு டாக்டர் பேஸ்ட் போட்டுத்தான் தோல் கேன்சர எடுத்தாருன்னு படிச்சிருக்கேன், அவர் பண்ணா சயின்ஸ், எங்காளு பண்ணா மூடநம்பிக்கையா?

தையல்காரன்:
நல்ல கேள்விதான் அண்ணே, கோவமெல்லாம் இல்ல. ஃபிரெடெரிக் மோஸ், விஸ்கான்சின், 1930கள்ல. ஜிங்க் குளோரைடு பேஸ்ட் போட்டாரு, உண்மை. ஆனா கட்டிய கழட்டுறதுக்கு போடல, சதைய அந்த எடத்துலயே கெட்டிப்படுத்த போட்டாரு. அப்புறம் கத்தியாலதான் தட்டு தட்டா வெட்டுனாரு, ஒவ்வொரு தட்டோட அடிப்பக்கத்தையும் மைக்ராஸ்கோப்ல பாத்து, எந்த ஓரத்துல கேன்சர் மிச்சம் இருக்கோ அங்க மட்டும் மறுபடி வெட்டுனாரு. அவரோட கண்டுபிடிப்பே அந்த மைக்ராஸ்கோப் மேப்தான். பின்னாடி பேஸ்டையே விட்டுட்டு ஃப்ரெஷ் சதையில பண்ண ஆரம்பிச்சாங்க, இப்ப உலகம் பூரா அப்படித்தான். உங்க வைத்தியர் கழண்டு விழுந்தத எடுத்து மைக்ராஸ்கோப்ல ஓரம் பாக்குறாரா? பாத்தார்னா நானே பேஷன்ட் அனுப்புறேன்.

பிரிஸ்பேன்வாசி:
கரிசல் தம்பி, நான் இங்க குயின்ஸ்லாந்துல நர்ஸ், தோல் கேன்சர் கிளினிக்ல வேலை. ஆஸ்திரேலியாவுல 70 வயசுக்குள்ள மூணு பேர்ல ரெண்டு பேருக்கு ஏதாவது ஒரு தோல் கேன்சர் வந்துரும்னு சொல்லுவாங்க, அந்த ஊர் இது. வழுக்கத் தலை, காதோட மேல் ஓரம், கீழ் உதடு, நெத்திப்பொட்டு, கழுத்துப் பின்பக்கம், இந்த அஞ்சு எடந்தான் எங்களுக்கு தினசரி பொழப்பு. வயசான வெள்ளக்கார வெவசாயிங்க வந்து தொப்பிய கழட்டுனா தலை பூரா சொரசொரன்னு உப்புத்தாள் தடவுன மாதிரி இருக்கும், ஆக்டினிக் கெரடோசிஸ்னு பேரு, கையால தடவுனாதான் தெரியும், கண்ணுக்கு சட்டுன்னு தெரியாது. அதுல ஒண்ணு ரெண்டு எஸ்சிசியா மாறும்.

இங்க பக்கத்துலயே நம்பூர்னு ஒரு ஊரு, 1992ல இருந்து நாலரை வருஷம் 1600 பேருக்கு மேல வச்சு சோதனை பண்ணாங்க, தினமும் சன்ஸ்க்ரீன் தடவுனவங்களுக்கு எஸ்சிசி கிட்டத்தட்ட நாப்பது சதம் கொறஞ்சுது. பேசல் செல்னு இன்னொரு வகை கொறையவே இல்ல, அது ஒரு விசித்திரம். ஆனா தம்பி, இந்த சன்ஸ்க்ரீன் கதையெல்லாம் உங்கய்யாவுக்கு இப்ப வேண்டாம், டாக்டர் சொன்னதுதான் சரி. இங்க நம்ம ஊர்க்காரங்கள தோல் கேன்சரோட பாக்குறது ரொம்ப அபூர்வம், அதனாலயே வர்றவங்க முத்திப்போய் வர்றாங்க, யாருமே சந்தேகப்பட மாட்டாங்க இல்ல.

நிழல்விரும்பி:
அபூர்வம் அபூர்வம்னு சொல்லாதீங்க அக்கா, எங்க வீட்ல இருக்கு. என் தம்பிக்கு பொறவியிலேயே நிறமி கெடையாது, ஆல்பினிசம். ஸ்கூல்ல பிரேயர் வெயில்ல நிக்க வைப்பாங்க, அம்மா போய் சண்ட போட்டு நிழலுக்கு மாத்துனாங்க. இருபத்திச் சொச்சம் வயசுல கீழ் உதட்டுல வெள்ளையா பொருக்கு, அது எஸ்சிசி. சின்னதா இருக்கும்போதே எடுத்துட்டாங்க, இப்ப நல்லா இருக்கான். ஆல்பினிசம் இருக்கிறவங்களுக்கு முகம், காது, கழுத்து எல்லாம் சின்ன வயசுலேயே வரும். தான்சானியாவுல இதுக்குன்னே மோஷிங்கிற ஊர்ல ஆஸ்பத்திரியோட சேந்து கிலிசன்னு சன்ஸ்க்ரீன் தயாரிச்சு அவங்களுக்கு குடுக்கிறாங்க. நம்ம ஊர்ல ஒரு நல்ல சன்ஸ்க்ரீன் ட்யூப் வாங்க தெனக்கூலிக்காரன் ஒரு நாள் சம்பளத்த குடுக்கணும், அத அழகு சாமான்னு நெனச்சு கடைக்காரன் சிரிக்கிறான்.

தானம்பெற்றவன்:
நானும் ஒரு வரி. கிட்னி மாத்துன ஆளு நான். எதிர்ப்புசக்திய அடக்குற மாத்திரை சாகுற வரைக்கும் சாப்பிடணும், அதனால எஸ்சிசி வாய்ப்பு ஏறும், வெள்ளக்காரங்கள்ல அறுபது மடங்குக்கு மேலன்னு நார்வே, ஸ்வீடன் கணக்கு. எனக்கு காதுக்கு முன்னாடி மரு மாதிரி ஒண்ணு வந்து வேகமா வளந்துச்சு, நெஃப்ரோ டாக்டர் செக்கப்ல தற்செயலா பாத்து அனுப்பிவச்சாரு. எடுத்த பிறகு மாத்திரைய சிரோலிமஸ்ங்கிற இன்னொரு அடக்குற மாத்திரைக்கு மாத்துனாங்க, அதுல புதுசா வர்றது கொறையுதுன்னு ஆய்வு இருக்காம். யாரும் தானா மாத்திரைய நிறுத்திடாதீங்க, கிட்னி போயிரும்.

டெல்டாக்காரி:
எங்க பெரியப்பா கதைய சொல்லிடுறேன், யாருக்காவது பயன்படட்டும். நெத்திப்பொட்டுல பட்டாணி அளவு கட்டி, ஒரு நர்சிங் ஹோம்ல மரத்துப்போற ஊசி போட்டு எடுத்து தையல் போட்டு அனுப்பிட்டாங்க. எடுத்த சதைய டெஸ்டுக்கு அனுப்பவே இல்ல, சாதாரண கட்டிதான், எதுக்கு வீண் செலவுன்னாங்க. கொஞ்ச மாசத்துல அந்தப் பக்கம் நெத்தியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னாரு, அப்புறம் மரமரப்பு, அப்புறம் புருவம் தூக்க முடியல, கண்ணு மூட முடியல. வாதம்னு சொல்லி மாத்திரையும், கரண்ட் ஷாக் பிசியோவும். வாய் கோணி ஆறு மாசம் ஆகியும் சரியாகல. கடைசியில எம்ஆர்ஐ எடுத்து பாத்தா நரம்பு வழியா உள்ள போயிருக்கு. அந்த நர்சிங் ஹோம் மேல இன்னும் எனக்கு ஆத்திரம் தீரல, ஒரு டெஸ்ட், சில நூறு ரூபா.

தையல்காரன்:
டெல்டாக்காரி எழுதினத எல்லாரும் ரெண்டு தடவ படிங்க. எஸ்சிசி நரம்ப புடிச்சுக்கிட்டு போற ஜாதி. முகத்துல உணர்ச்சி நரம்பும் அசைவு நரம்பும் தோலுக்கு அடியிலேயே ஓடுது, அது வழியா மண்டையோட்டுக்குள்ள போக வழி இருக்கு. சாதாரண முகவாதம் ஒரே ராத்திரியில வரும், மூணு நாலு மாசத்துல பெரும்பாலும் மீளும். கொஞ்சங்கொஞ்சமா, ஒரு ஒரு கிளையா விழுற வாதம், கூடவே ஊறல் மரமரப்பு, அந்தப் பக்கமே முன்ன ஒரு கட்டி எடுத்த தையல் தழும்பு, இதெல்லாம் சேந்து இருந்தா அது வாதமில்ல, தேடணும்.

கரிசல்காட்டான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அய்யாவ ஒருவழியா சம்மதிக்க வச்சாச்சு, எங்க அத்தைதான் அதட்டி கூட்டிட்டு வந்தாங்க. ரிப்போர்ட் வந்துருச்சு. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, மாடரேட்லி டிஃபரன்ஷியேட்டட்னு போட்டிருக்கு, மூர்க்கத்துல நடுத்தரமாம். சிடி ஸ்கேன்ல மண்டையோட்டு மேல்தட்டு லேசா அரிச்சிருக்காம், உள்தட்டு நல்லா இருக்காம். காதுக்கு முன்னாடி கன்னத்துல ஒரு நெறி, அதுல ஊசி போட்டு எடுத்த டெஸ்ட்லயும் இருக்குன்னு வந்துருச்சு. நெறி கட்டுனா கழுத்துலதானே கட்டும், கன்னத்துல ஏன்? இது எத்தனாவது ஸ்டேஜ்? ஒட்டுத்தோல் வைக்க முடியாது, முதுகுல இருந்து சதை எடுத்து வைக்கணும்னு சொல்றாங்க, ஏன் அவ்வளவு பெரிய ஆபரேஷன்? அதுக்கப்புறம் கரண்ட் வேற வைக்கணுமாம், ரேடியேஷனத்தான் அப்படி சொல்றாங்க.

தையல்காரன்:
மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா கைவிட்ற நெலமை இல்ல, நிதானமா படிங்க.

தலையோட முன்பாதி, நெத்தி, நெத்திப்பொட்டு, காது, இங்கிருந்து வர்ற நிணநீர் மொதல்ல போய் சேர்றது காதுக்கு முன்னாடி இருக்கிற எச்சில் சுரப்பிக்கு. பரோட்டிட்னு பேரு. அந்த சுரப்பிக்குள்ளயே நெறிகள் இருக்கு, வாய்க் கேன்சர்ல இது பெருசா பேச்சுக்கே வராது, தோல் கேன்சர்ல இதுதான் வாசப்படி. உச்சிக்குப் பின்பக்கம்னா காதுக்குப் பின்னாடி, பிடரியில கட்டும். அதனால உங்கய்யாவுக்கு தலைக்கட்டியோட பரோட்டிடையும் கழுத்து நெறியையும் சேத்து எடுப்பாங்க. முக நரம்பு அந்த சுரப்பிய ரெண்டாப் பிரிச்சுக்கிட்டு நடுவுல ஓடுது, அத ஒவ்வொரு கிளையா பிரிச்சு காப்பாத்திக்கிட்டுத்தான் சுரப்பிய எடுக்கணும், பாதி நேரம் அதுக்கே ஆகும். ஆபரேஷனுக்கு முன்னாடி அவரு கண்ணை இறுக்கி மூட முடியுதா, ரெண்டு பக்க புருவமும் ஏறுதான்னு பாத்து வச்சுக்கோங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க.

ஒட்டுத்தோல் ஏன் முடியாதுன்னா, மண்டையோட்டு மேல பெரியாஸ்டியம்னு ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, ரத்தம் அதுலதான். அது மிச்சம் இருந்தா தொடைத்தோல் சீவி வச்சாலே புடிச்சுக்கும். இவருக்கு எலும்போட மேல்தட்டையே சீவி எடுக்கணும், வெறும் எலும்பு மேல ஒட்டுத்தோல் புடிக்காது. புடிச்சாலும் கரண்ட் வச்சா உரிஞ்சு எலும்பு வெளிய தெரியும். அதனால முதுகுத் தசைய அதோட ரத்தக்குழாயோட எடுத்துட்டு வந்து, காதுக்கு முன்னாடியோ கழுத்துலயோ இருக்கிற குழாயோட மைக்ராஸ்கோப்ல தைப்பாங்க. ரெண்டு மில்லிமீட்டர் குழாய், தலைமுடிய விட மெல்லிசு நூலு. சுத்தியும் அகலமா எடுக்கணும், சாதாரண எஸ்சிசிக்கு நாலுல இருந்து ஆறு மில்லிமீட்டர் போதும்போம், தழும்புல வந்தா ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும் போவோம்.

ஸ்டேஜ் நம்பர் பின்னாடி ஓடாதீங்க, ஆபரேஷன் முடிஞ்சு முழு ரிப்போர்ட் வந்தாதான் சரியா தெரியும். அந்த ரிப்போர்ட்ல நீங்க பாக்க வேண்டியது ஆழம் ஆறு மில்லிமீட்டருக்கு மேலயா, நரம்புல இருக்கா, ஓரம் சுத்தமா வந்துச்சா, நெறிய விட்டு வெளிய பொங்கியிருக்கா, இந்த நாலுதான்.

பஸ்ஸ்டாண்ட்_டீ:
கீமோ வேண்டாமா டாக்டர்? எங்க மாமாவுக்கு வாய்ல வந்தப்ப கரண்டோட சேத்து வாரா வாரம் கீமோ குடுத்தாங்க. அதுவும் ஸ்குவாமஸ்தானே?

தையல்காரன்:
பேரு ஒண்ணுதான், பொறந்த வீடு வேற. நெறைய பேர் கொழம்புற எடம் இது. வாய், தொண்டையில கரண்டோட சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்து சேத்தா பலன் உண்டு. தோலுக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல 321 பேர வச்சு கார்போபிளாட்டின்ங்கிற கீமோ மருந்த சேத்துப் பாத்தாங்க, 2018ல முடிவு வந்துச்சு, தனி கரண்ட விட ஒண்ணும் கூடல. கரண்ட் மட்டும் வச்சவங்களே நெறைய பேர் நல்லா இருந்தாங்க, அதுதான் அதுல சந்தோஷமான விஷயம். அதனால வழக்கமா ஆபரேஷன், ஆறு வாரத்துக்குள்ள காயம் ஆறினதும் கரண்ட், வாரத்துக்கு அஞ்சு நாள், ஆறு வாரம் கணக்கு.

வெட்டி எடுக்க முடியாத அளவு முத்துனவங்களுக்கு இப்ப இம்யூனோதெரபி இருக்கு, உடம்போட எதிர்ப்புசக்திய தூண்டிவிடுற மருந்து. அதுல ஒண்ணு செமிப்ளிமாப், 2018ல அமெரிக்காவுல அனுமதி ஆச்சு. 2022ல ஒரு ஆய்வு, 79 பேருக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியே குடுத்தாங்க, வெட்டி எடுத்து பாத்தா பாதிப் பேருக்கு உயிரோட ஒரு கேன்சர் செல்லும் இல்ல. வெயில் தோல்ல மரபணு மாற்றம் ஏகப்பட்டது, உடம்பு அத அந்நியன்னு ஈசியா கண்டுபிடிக்குது, அதனால இந்த மருந்து நல்லா புடிக்குது. தழும்புல வர்றதுக்கு அதே அளவு புடிக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். தானம்பெற்றவன் மாதிரி ஆளுங்களுக்கு இது கத்திமேல நடக்குற விஷயம், எதிர்ப்புசக்திய தூண்டிவிட்டா மாத்துன கிட்னியையே அடிக்கும். விலை சொன்னா தலை சுத்தும், அதனால வெட்டி எடுக்க முடிஞ்சத வெட்டி எடுத்துருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

டெல்டாக்காரி:
கரிசல் தம்பி, காசு விஷயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு இருக்கா? குடும்பத்துக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும். இல்லன்னா விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல போய் போட்டோ எடுத்துக்கோங்க. ஆபரேஷன் தேதி குடுக்கிறதுக்கு முன்னாடி கார்டு கையில இருக்கணும், அட்மிஷன் போட்ட பிறகு ஓடுனா அலைச்சல். ஆபரேஷன், கரண்ட் ரெண்டையும் தனித்தனியா அப்ரூவல் வாங்குவாங்க. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலயும் கேளுங்க, சென்னைக்குப் போகணும்னா அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், 1954ல முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்சது, ஆனா கரண்ட் வைக்கிற ஆறு வாரமும் தங்குற செலவ கணக்குல வச்சுக்கோங்க, அதுதான் எங்கள சாய்ச்சுது.

பிரிஸ்பேன்வாசி:
கரண்டு கன்னத்துலயும் படும்னா அதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிருங்க தம்பி. ஆடுற பல்லு, சொத்தப் பல்ல முன்னாடியே எடுத்துரணும். கரண்ட் வச்ச தாடையில பின்னாடி பல்ல புடுங்குனா எலும்பு ஆறாம போகும்.

கரிசல்காட்டான்:
கார்டு இருக்கு அக்கா, ரேஷன் கார்டுல அய்யா பேரு எழுத்துப்பிழை, அதத்தான் இப்ப மாத்திட்டு அலையுறேன். ஆபரேஷன் அடுத்த வாரம்னு சொல்லிருக்காங்க. அய்யா கேக்குறது ஒண்ணுதான், முதுகுச் சதைய தலையில வச்சா அது மேல துண்டு கட்டலாமாங்காரு.

தையல்காரன்:
ஆரம்பத்துல கூடவே கூடாதுன்னு சொல்லுங்க. தைச்ச ரத்தக்குழாய் காதுக்கு முன்னாடி ஓடினா, துண்டு இறுக்கினா அது அடைஞ்சு மொத்த சதையும் கருத்துப் போயிரும். மூக்குக்கண்ணாடிக் கால் கூட அந்தப் பக்கம் அழுத்தக் கூடாது. படுக்கும்போது எந்தப் பக்கம் சாய்ஞ்சு படுக்கணும்னு வார்டுல எழுதியே வைப்பாங்க. கரண்டெல்லாம் முடிஞ்ச பிறகு உங்க சர்ஜன் சரின்னு சொன்னா லூசா பருத்தித் தொப்பி, வெளிய போனா குடை.

அப்புறம் ரெண்டு வருஷம் செக்கப்ப மட்டும் விட்றாதீங்க. திரும்ப வர்றதா இருந்தா பெரும்பாலும் அதுக்குள்ள வரும், அதுவும் நெறியிலதான். குளிக்கும்போது காதுக்கு முன்னாடி, பின்னாடி, கழுத்து ரெண்டு பக்கமும் விரலால தடவிப் பாக்க பழக்கிவிடுங்க.

பஸ்ஸ்டாண்ட்_டீ:
டாக்டர் இங்கயே கேட்டுடுறேன், எனக்கு கீழ் உதட்டுல ஒரு ஓரம் வெள்ளையா காஞ்சுபோய் இருக்கு, நாலஞ்சு மாசமா வெண்ணெய் தடவிட்டு இருக்கேன், உரிச்சா லேசா ரத்தம் வருது. வெயில்ல நின்னு வேலை பாக்குறவன், சிகரெட்டும் உண்டு. போட்டோ போட்டா பாத்து சொல்வீங்களா?

தையல்காரன்:
போட்டோல சொல்ல மாட்டேன். ரத்தம் வர்ற மாசக்கணக்கான உதட்டுப் பொருக்குக்கு சதை டெஸ்ட்தான். உதட்ட விரலால புடிச்சுப் பாருங்க, அந்த எடம் மட்டும் கெட்டியா இருந்தா இந்த வாரமே போங்க, மெத்துன்னு இருந்தாலும் போங்க. எந்த ஊரு?

பஸ்ஸ்டாண்ட்_டீ:
விருதுநகர். லேசா கெட்டியாத்தான் இருக்கு.

தையல்காரன்:
நாளைக்கு காலையில அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஓபி, தோல் பிரிவு இல்ல ஈஎன்டி. வெண்ணெய நிறுத்துங்க, சிகரெட்டையும். ரிப்போர்ட் வந்ததும் தனி இழை போடுங்க, இது கரிசலோட இழை.